இரண்டு அம்புக்குறிகள்

சவப்பெட்டியை இறக்கிவிட்டுப் பின்னோக்கி நகர்ந்த குட்டியானை வண்டி சாமியானாவின் ஒரு கழியை இடித்துச் சாய்த்தது. கழியை ஒரு கையால் தாங்கிக்கொண்டே ஜெர்சன் வீட்டுக்குள் தலையை நீட்டிக் கத்தினான்.

"அக்கா, அப்பா ஆதார் ஜெராக்ஸ் எங்க? கல்லறைக்குச் சீட்டு போடணுமாம். ஆளு வண்டியிலயே நிக்கிறான்."

எப்சி தாயின் அருகிலிருந்து எழுந்தாள். கூடத்தின் நடுவே கட்டிலில் கிடத்தப்பட்டிருந்த கணவர் ஆபேலின் கன்னத்தோடு தன் கன்னத்தைச் சேர்த்து வைத்தபடி லில்லி விடியற்காலையிலிருந்து அமர்ந்திருந்தாள். உறவினர்கள் நான்கைந்து முறை விலக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆபேலின் முகம் புதிதாகச் சவரம் செய்யப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. ஆலயத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவர் இவ்வளவு ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டதில்லை.

ஆதார் நகல் எங்கே இருக்கும் என்பது எப்சிக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை வேலூரில் வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது கேட்டார்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி, படத்தோடு சேர்த்து அந்தப் பெரிய உறைக்குள்ளேயே போட்டிருந்தாள். பின்னறையில் பீரோவின் மேலிருந்த உறையை எடுத்துக் கட்டிலின்மீது கவிழ்த்தாள். ஆதார் நகல், கறுப்புப் படத்தாள், பின் அடித்த இரண்டு பக்க அறிக்கை ஆகியவை விழுந்தன. நகலை ஜெர்சனிடம் நீட்டிவிட்டு மற்றவற்றை உறைக்குள் திருப்பிப் போட வந்தாள். அறிக்கை குப்புற விழுந்திருந்ததால் இரண்டாம் பக்கம் மேலே இருந்தது.

இரண்டாம் பக்கம் ஒன்று இருப்பதையே அவள் அப்போதுதான் கண்டாள்.

ஏற்றுமதிச் சீட்டுகளை வாசித்துப் பழகியவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் கடினமாக இல்லை. நான்கே வரிகள். படம் வயிற்றுக்காக எடுக்கப்பட்டது. எனினும் படத்தின் மேல்விளிம்பில் தெரியும் நுரையீரல்களின் அடிப்பகுதியில், இரு புறமும், மங்கிய வெண்திட்டுகள் காணப்படுகின்றன. வைரஸ் நிமோனியாவாக இருக்கக்கூடும். மார்பு ஸ்கேனும் கொரோனாப் பரிசோதனையும் உடனே செய்யப்பட வேண்டும். 'உடனே' என்னும் சொல்லின் அடியில் கோடிட்டிருந்தார்கள். மேலே செவ்வாய்க்கிழமைத் தேதியும், மாலை நான்கு மணி என்பதும் அச்சாகியிருந்தன. இன்று வெள்ளிக்கிழமை.

அவள் படத்தாளை எடுத்துக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறந்ததும் நாற்றம் உள்ளே பாய்ந்தது. வீட்டின் பின்னால் தோல் பதனிடும் ஷாப்பின் கழிவு ஓடும் வாய்க்கால் இருந்தது. ஊரடங்கினால் ஷாப்பை மூடிப் பதினைந்து நாளாகியிருந்தது. ஓட்டம் நின்றுபோய், ஊறிய தோலும் சுண்ணாம்பும் அதில் தேங்கிக் கிடந்தன. சாதாரண நாளில் இந்த ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாலும் அடுக்களையிலிருந்து லில்லியின் குரல் கேட்கும்: "மூடுடி, கொடல் வெளியில வந்துடப் போவுது!" முப்பத்தைந்து ஆண்டுகளாக அவள் அந்த ஜன்னலோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இன்று கூடத்திலிருந்து குரல் வரவில்லை. துக்கத்தில் இருப்பவள் எதைக் கவனிப்பாள் என்று எப்சி நினைத்தாள்.

படத்தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தாள். சின்னச் சின்னக் கட்டங்களாக இருபது படங்கள். முதல் வரிசையின் இரண்டு கட்டங்களில் வெள்ளை அம்புக்குறி ஒவ்வொன்று இருந்தது.

அந்த அம்புக்குறிகளை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

பதினொரு ஆண்டுகளாக எப்சி ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். தைத்து வரும் மேல்தோலைக் குழல்விளக்கின் அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தழும்போ பூச்சிக்கடியோ இருந்தால் அந்த இடத்தில் நகத்தளவுச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. அம்புக்குறி விழுந்த எல்லாமே கழிக்கப்படுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் பிரேம்நாத் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். மேல்தோலைப் பாத வடிவக் கட்டையின்மேல் இழுத்துப் போர்த்தும்போது, அதன் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு மடிந்து அடித்தோலுக்குக் கீழே போய்விடும். லாஸ்டிங் என்பது அதுதான். அந்த ஓரத்தில் என்ன பழுது இருந்தாலும் போட்டுக்கொள்பவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. "லாஸ்டிங்ல போய்டும், வுடு" என்பார் பிரேம்நாத். பதினொரு ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் ஓரங்களை அவள் விட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. பழுது என்ன என்று பார்ப்பதற்கு முன்பே, அது எங்கே இருக்கிறது என்று பார்க்க அவள் கண் பழகிவிட்டிருந்தது.

ஆபேலுக்கு ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி தொடங்கியது. திங்களன்று வாந்தி. லேசான காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். இருமல் இருந்தது, ஆனால் அது முப்பது ஆண்டுகளாக இருந்தது. ஷாப்பில் பஃபிங் பிரிவில், எந்திரத்தில் தோலைத் தேய்க்கும்போது மாவாகப் பறக்கும் தூளுக்கு நடுவே நின்று உழைத்தவர் அவர். அந்தத் தெருவில் இருமலை எவரும் நோயாகக் கருதுவதில்லை. ஷாப்பு இருமல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நர்சிங் ஹோம் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, குடல்வாலாகவோ பித்தப்பைக் கல்லாகவோ இருக்கலாம் என்று வேலூருக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார்.

அவர்கள் உறையோடு ஆம்பூர் திரும்புவதற்குள் அறிக்கையின் முதல் பக்கம் டாக்டரின் கைப்பேசிக்கு வந்திருந்தது. அவர் அதை விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

"வயித்துல ஒண்ணும் இல்லம்மா. கல்லு இல்ல, குடல்வால் நல்லாருக்கு. கேஸ்தான். ஒரு ட்ரிப்ஸ் ஏத்திட்டுக் கூட்டிட்டுப் போங்க."

அறிக்கை எத்தனை பக்கம் என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த உறையை நீட்ட இவளுக்கும் தோன்றவில்லை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மை. ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும் என்பதும் உண்மை. நோயைக் கண்டவர் அதைக் கண்ணியமாக எழுதி, அடிக்கோடிட்டு, உறையிலிட்டுக் கொடுத்திருந்தார். படிக்க வேண்டியவர் படிக்கவில்லை.

ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது ஆபேல் படத்தைக் கேட்டார்.

"எங்க, என் வயித்தைக் காட்டு. அம்பது வருஷமா பிரியாணி போட்ட எடம். எப்படி இருக்குதுன்னு ஒரு தபா பாத்துடறேன்."

எப்சி சிரித்துக்கொண்டே படத்தாளை ஜன்னலுக்கு எதிராகப் பிடித்தாள்.

"இது இன்னா ரெண்டு அம்பு? உன்ன மாதிரியே எவனோ ஸ்டிக்கர் ஒட்டிருக்கான்?"

அவள் பார்த்தாள். மேல் வரிசையின் இரண்டு கட்டங்கள். டாக்டர் கேட்டது வயிற்றை. இவை வயிற்றுக்கு மேலே, ஓரத்தில் இருந்தன.

"வயித்துக்கு வெளியிலப்பா. ஓரத்துல இருக்குது. லாஸ்டிங்ல போய்டும்."

ஆபேல் சிரித்தார். தொழில் தெரிந்தவரின் சிரிப்பு. சிரிப்பு இருமலாக மாறி, நெடுநேரம் நீடித்து ஓய்ந்தது.

"அப்ப பாஸ் பண்ணிட்டியா?"

"பாஸ்."

"சரி. எக்ஸ்போர்ட்டுக்கு ரெடி" என்று சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை வலி குறைந்தது. வியாழக்கிழமை படுத்தால் சரிப்படவில்லை என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்ததைப் பீடியின் கறை என்று எண்ணினார்கள். வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் காப்பி கேட்டார். எப்சி கொண்டுவந்தபோது, கையை முழங்காலில் ஊன்றி, யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்பவரைப் போலத் தலையைச் சாய்த்திருந்தார். டம்ளரில் ஆடை படரும்வரை அவள் அவரை எழுப்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் நேரில் வரவில்லை. ஜெர்சன் போய்ச் சொன்னதைக் கேட்டு, மாரடைப்பு என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

*

"அக்கா, சர்ச் ஐயரு வந்துட்டாரு. பதினோரு மணிக்கு எடுக்கணும்னு சொல்றாரு. போலீஸ் ரவுண்டு வருதாம்" என்றபடி ஜெர்சன் பின்னறைக்குள் வந்தான்.

எப்சி அறிக்கையை அவனிடம் நீட்டினாள்.

"படி."

"இப்பவா? அப்புறம் பாக்கலாம்."

"படிடா."

அவன் கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநர். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். உதடுகள் அசைய அவன் படித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். படித்ததும் கதவைச் சாத்தினான்.

"இது வயித்து ஸ்கேனு."

"கடைசியில இன்னா போட்டிருக்குது?"

"இருக்கலாம்னுதான் போட்டிருக்கான். இருக்குதுன்னு போடல."

"வெளியில அறுபது பேர் இருக்காங்க, ஜெர்சன்."

"இருபது பேருக்குத்தான் பர்மிஷன். அறுபது பேர் வந்தா நானா பொறுப்பு? அப்பா போகாத சாவு இந்த ஊர்ல இருக்குதா? எத்தினி பெட்டிக்குத் தோள் குடுத்திருக்காரு? அதுக்குத்தான் வந்திருக்காங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீ இப்ப வாயைத் தொறந்தா இன்னா ஆகும்னு தெரியுமா? போன வாரம் எங்க கம்பெனி வாட்ச்மேனைப் பிளாஸ்டிக்ல சுத்தி ஜேசிபி வச்சித் தள்ளினாங்க. பொண்டாட்டிக்கு மூஞ்சியக்கூடக் காட்டல. அம்மா தாங்குவாங்களா அதை?"

"ரூபி அத்தைக்குச் சர்க்கரை. பேத்தியையும் தூக்கிக்கினு வந்திருக்காங்க."

"காலைலருந்து எல்லாரும் தொட்டாச்சி. இனிமே சொல்லி இன்னா?"

"பொணத்துலருந்து வருதோ வரலியோ, எனக்குத் தெரியாது. நாம மூணு பேரும் அவர்கூடவே இருந்தோம். நம்மளத்தான இன்னிக்கி எல்லாரும் கட்டிக்கினு அழுதாங்க?"

ஜெர்சன் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இது அப்பாவோட போய்டும். நீ மூஞ்சி கழுவிக்கினு வா."

அவன் போனபின் எப்சி பின்வாசலுக்கு வந்தாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தௌசீப் அகமது உட்கார்ந்திருந்தார். ஆபேலோடு நாற்பது ஆண்டுகள் ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர். காலையில் முதல் ஆளாக ஓடிவந்து, குளிப்பாட்டி, சவரம் செய்து, வேட்டி கட்டிவிட்டவர் அவர்தான். கையில் ஒரு சின்ன அத்தர்க் குப்பி வைத்திருந்தார்.

"எப்சிம்மா, இதைப் பஞ்சுல நனைச்சிக் காது மடிப்புல வச்சிடறேன். இந்த வாய்க்கா நாத்தத்துல அவனை அனுப்ப மனசு வரல" என்றார்.

எப்சி அவரிடம் சொன்னாள். அம்புக்குறியைப் பார்த்ததையும், தகப்பனிடம் தான் சொன்ன வார்த்தையையும் சேர்த்தே சொன்னாள். தௌசீப் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் தம் இரு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாடையைப் புடிச்சி, மூஞ்சியோட மூஞ்சி வச்சித்தான் செரைச்சேன். எப்பவும் நான் செரைக்கும்போது கத்தி பட்டா, 'நீ ஷாப்புல தோலைச் செதுக்கினது போதும் பாய், என்னை வுட்டுடு'ம்பான். இன்னிக்கி ஒரு எடத்துல பட்டுச்சி. ஒண்ணும் சொல்லல."

"நான் இன்னா மாமா பண்றது?"

அவர் குப்பியின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நீ என்கிட்ட சொன்ன. நான் வீட்டுக்குப் போனா பேத்தி உமைமாவைத் தொட மாட்டேன். வெளியிலயே படுத்துக்குவேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

பஞ்சில் அத்தரை நனைத்து, ஒரு துண்டை அவளிடம் கொடுத்தார். மல்லிகையும் சந்தனமும் கலந்த வாசனை, வாய்க்கால் நாற்றத்தையும் மீறி அவள் விரல்களில் ஏறியது. அவர் உள்ளே போனார்.

*

போதகர் ஜெபித்து முடித்தார். பாட்டுப் பாடினார்கள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டால்தான் பாட முடிந்தது. ஆகவே பெரும்பாலோர் இறக்கியிருந்தார்கள். ஆபேலைப் பெட்டிக்குள் கிடத்தினார்கள். லில்லி எழுந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றாள்.

"குடும்பத்தார் கடைசி முத்தம் கொடுக்கலாம்" என்றார் போதகர்.

பெட்டியை மூடுமுன் நெற்றியில் முத்தமிட்டு அனுப்புவது அவர்களுடைய வழக்கம். குடும்பத்தார் என்றால் அங்கே எல்லாரும் குடும்பத்தார்தான். வரிசை தானாக உருவாயிற்று. பாகாயத்திலிருந்து வந்திருந்த ரூபியம்மாள், ஆபேலின் அக்காள், முதலில் வந்தாள். இடுப்பில் நான்கு வயதுப் பேத்தி இருந்தாள்.

"தாத்தாவுக்கு முத்தம் குடு, கண்ணு. தாத்தா இயேசப்பாகிட்ட போறாரு பாரு."

குழந்தை கால்களை உதறியது. ரூபியம்மாள் இரு கைகளாலும் அதைத் தூக்கிப் பெட்டிக்குள் தாழ்த்தினாள். சின்ன வாய் குவிந்தது.

எப்சியின் கை குறுக்கே போயிற்று. குழந்தையின் நெற்றி அவளுடைய உள்ளங்கையில் வந்து முட்டியது.

"வேணாம் அத்தை. யாரும் தொடாதீங்க."

"இன்னாடி?"

"அப்பாவுக்கு மாரடைப்பு இல்ல. நெஞ்சுல சளி வச்சிருக்குது. கொரோனாவா இருக்கும்னு ஸ்கேன்ல எழுதிருக்காங்க. தயவுசெஞ்சி தள்ளிப் போங்க. எங்ககிட்டருந்தும் தள்ளி இருங்க."

வரிசை நின்ற இடத்திலேயே நின்றது. போதகர் முகக்கவசத்தை மூக்குக்கு ஏற்றினார்.

"டெஸ்ட் எடுத்தீங்களாம்மா?"

"எடுக்கல, ஐயா."

"வயித்து வலின்னுதானே ஸ்கேன் எடுத்தீங்க?"

"ஆமா. அந்தப் படத்துலயே மேல இருந்துச்சி. நான் செவ்வாய்க்கெழமையே பாத்தேன்." அவள் குரல் உடைந்தது, ஆயினும் முடித்தாள். "பாத்துட்டு வுட்டுட்டேன்."

ஜெர்சன் தலைகுனிந்து சட்டைப்பையின்மேல் கையை வைத்துக்கொண்டான். ரூபியம்மாள் பேத்தியை மார்போடு அணைத்து இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"செவ்வாய்க்கெழம பாத்தவ, நான் அவன் கையைப் புடிச்சிக்கினு ரெண்டு மணி நேரம் அழுதப்புறம் சொல்றியா? இந்தப் புள்ள வாயத் தொடைச்சதே உன் முந்தானையிலதான்டி! பெத்தவனை டாக்டர்கிட்ட காட்டத் துப்பில்ல, சாவு வீட்டுல நாயம் பேசுறா!"

அதில் ஒரு சொல்லைக்கூட எப்சியால் மறுக்க முடியவில்லை.

ஓடியவர் எவருமில்லை. அது மரியாதை தெரிந்த கூட்டம். ஒருவருக்குக் கைப்பேசி அடித்தது. ஒருவர் வண்டியை வெயிலில் நிறுத்தியிருந்தது நினைவுக்கு வந்தது. பெண்கள் முந்தானையை மூக்கோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, வருகிறோம் என்றும் சொல்லாமல், அந்த வீட்டின் எதையும் தொடாமல் நடந்தார்கள். பத்து நிமிடத்தில் சாமியானாவின் கீழே நீல நாற்காலிகள் மட்டும் மிஞ்சின. நாற்காலிக்காரர் தெருமுனையில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"சேரை அப்படியே குடுத்துடாதீங்க. கழுவி வெயில்ல போட்டுடுங்க!"

லில்லி பெட்டியின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். மகள் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. குனிந்து, கணவரின் நெற்றியில் உதடுகளைப் பதித்து, நெடுநேரம் எடுக்காமல் இருந்தாள். அவளை மட்டும் எவரும் தடுக்கவில்லை.

மூடியை ஜெர்சன் சாத்தினான். தலைப்பக்கத்தை அவனும் தௌசீப்பும் பிடித்துக்கொண்டார்கள். கால்பக்கத்தில் ஒரு பக்கம் எப்சி பிடித்தாள். மறுபக்கத்துக்கு ஆளில்லை. போதகர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து அந்த மூலையைத் தூக்கினார். ஊரில் நூற்றுக்கணக்கான பெட்டிகளைச் சுமந்தவரின் பெட்டி வாசற்படியில் ஒருமுறை இடித்துக்கொண்டுதான் வெளியே போயிற்று. வண்டிக்காரன் இறங்கவில்லை, ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடவும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் கோவிந்தசாமி, கூட்டம் இல்லாததைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு கயிறுகளை நீளமாக விட்டார். போதகர் பத்தடி தள்ளி நின்று, ஒரு வரியையும் சுருக்காமல், அடக்க ஆராதனையை முழுமையாக நடத்தினார். கடைசி மண் விழுந்தபின் ஜெர்சன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். குழி மூடப்பட்டுவிட்டது. அதை எப்சியின் கையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தான்.

*

பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். ஜெர்சன் வாசலில் நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் கொட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. எப்சி ரசம் சோறு பிசைந்து கொடுத்தாள். லில்லி இரண்டு வாய் உண்டுவிட்டு, உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

எப்சி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, லில்லி ஜன்னலருகே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். காலையில் படம் பார்க்கத் திறந்த ஜன்னல் இன்னும் திறந்தே கிடந்தது. வெயில் ஏற ஏற வாய்க்கால் கொதித்துக்கொண்டிருந்தது. அழுகிய தோலின் நெடி தொண்டையைப் பிடித்தது. எப்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்டி" என்றாள் லில்லி. "காத்து நல்லா வருது."

எப்சியின் கை தாழ்ப்பாளின்மேல் நின்றது.

"ஷாப்பை மூடினது ஒரு விதத்துல நல்லதுதான். பாரு, நாத்தமே இல்ல. அவரு இருக்கும்போது ஒரு நாளாச்சும் இப்படி இருந்திருக்கக் கூடாதா? ஜன்னலைத் தொறந்து வச்சிக்கினு ஒக்காந்திருப்பாரு." லில்லி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு மெல்ல இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

எப்சி தாழ்ப்பாளை விட்டாள். பிறகு பீரோவின் மேலிருந்த அத்தர்ப் பஞ்சை எடுத்தாள். காலையில் தௌசீப் கொடுத்தது. இன்னும் ஈரம் காயவில்லை. கையில் எடுத்ததுமே அறையில் மல்லிகை மணத்தது. அதைத் தாயின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னாடி இது?"

"மோந்து பாரும்மா."

லில்லி பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள். புரட்டிப் பார்த்தாள். மறுபடியும் மூக்கருகே வைத்தாள்.

"வெறும் பஞ்சைக் குடுத்துட்டு மோந்து பாருன்றியே. உனக்கு இன்னாடி ஆச்சி?"

எப்சி மடங்கியிருந்த அறிக்கையை நீவி, இரண்டாம் பக்கம் மேலே இருக்கும்படி உறைக்குள் வைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து தாயின் செருப்புகளைத் தேடி எடுத்தாள். அவற்றை வாசற்படிக்குக் கொண்டுபோய், தெருவைப் பார்த்தபடி, அருகருகே வைத்தாள்.

வாசலில் ஜெர்சன் கழுவுவதை நிறுத்திவிட்டு அந்தச் செருப்புகளைப் பார்த்தான். உள்ளே லில்லி மூன்றாம் முறையாகப் பஞ்சை மூக்கருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.